நான் வராத சனிக்கிழமை

அன்புள்ள அக்கா,

நேற்று மாலை மோடத்தில் மறுபடியும் சிவப்பு விளக்கு எரிந்தது. டிவிக்குக் கீழே இருக்கிற அந்த வெள்ளைப் பெட்டியைத்தான் சொல்கிறேன். வழக்கம்போல் அதை முறைத்துப் பார்த்தேன், ஒயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன், தலையில் இரண்டு தட்டுத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. புகார் கொடுக்கலாம் என்று போனில் அந்த நிறுவனத்தின் ஆப்பைத் திறந்தேன். அது உங்கள் பேரைச் சொல்லி எனக்கு வணக்கம் வைத்தது. உங்கள் எண்ணுக்கு ஒரு ரகசிய எண் அனுப்பியிருப்பதாகவும் அதை உடனே போட வேண்டும் என்றும் சொன்னது. என் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. வாட்ஸ்அப்பில் உங்கள் படத்தைத் தொட்டு, "அக்கா, ஓடிபி வந்துச்சா?" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. அழித்துவிடலாம் என்று விரலை வைப்பதற்குள் நீலக் கோடுகள் விழுந்தன. யாரோ எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. பிறகு, பெக்கான் நானாஸில் உங்கள் தங்கை வீட்டு வாசலில் நின்று நீங்கள் சிரிக்கிற அந்தப் படத்துக்குக் கீழே ஆறு எண்கள் வந்து நின்றன.

சோபாவில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் அது அண்ணன், உங்கள் வீட்டுக்காரர் என்று புரிந்தது. உங்கள் போனைச் சார்ஜ் செய்து, எண் செத்துப் போகாமல் ரீலோட் போட்டு வைத்திருக்கிறார். கூட ஒரு வார்த்தைகூட இல்லை. நீங்கள் அனுப்புவது மாதிரியே எண்கள் மட்டும்.

அந்த எண்களை நான் போடவில்லை. நேரம் முடிந்து அவை செல்லாமல் போயின. இன்று காலை அண்ணனைப் பார்க்கப் போனேன். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால் நான் வராத அந்தச் சனிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல, இன்னும் முன்னால் போக வேண்டும். "டீச்சர், நீங்க கதை சொல்ல ஆரம்பிச்சா நம்ம ஊரு கூலாய்ல பஸ் ஏறி தாய்லாந்து வரைக்கும் போய்ட்டுத்தான் திரும்பி வருவீங்க" என்று கிண்டல் செய்வீர்களே, அப்படித்தான் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு செனாய் விமான நிலையத்தில் என் பேர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். டிரைவர் வருவார் என்றுதான் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். தமிழ் பேசுகிற ஆள் போனால் நன்றாக இருக்கும் என்று நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டு வந்ததாகப் பிறகு தெரிந்தது. அந்தத் தனியார் பள்ளியில் நீங்கள் மலாய் டீச்சர். நான் புதிதாக வேலைக்கு எடுக்கப்பட்ட இயற்பியல் டீச்சர். கணவரையும் கல்லூரியில் படிக்கிற மகளையும் திருச்சியில் விட்டுவிட்டு, நாற்பதைத் தாண்டிய வயதில் ஒற்றையாக விமானம் ஏறி வந்தவள். பயத்தில் முகம் இறுகிக் கிடந்தது. நீங்கள் என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "பசியாறிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டீர்கள். இந்த நாட்டில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. எனக்கு அழுகை வந்ததை நீங்கள் பார்க்காதது போல இருந்துகொண்டீர்கள்.

மறுநாளே உங்களோடு சண்டை. என் போன் சார்ஜரின் உருண்டை முள் இந்த ஊர்ச் சதுரத் துளைக்குள் போகவில்லை. வீட்டுக்குப் போன் பண்ண முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து பார்த்துவிட்டு, "பேனா இருக்கா?" என்றீர்கள். ஏதோ எழுதப் போகிறீர்கள் என்று கொடுத்தேன். நீங்கள் பேனா முனையைச் சுவரில் இருந்த பிளக்கின் மேல் துளைக்குள் விட்டு அழுத்தி, கீழே இரண்டு துளையும் திறந்ததும் சார்ஜரை உள்ளே தள்ளினீர்கள். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுச் சீன அம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"அக்கா! நான் பிசிக்ஸ் டீச்சர். என் கண்ணு முன்னாடியே இப்படிப் பண்றீங்களே!"

"அலமாக், கத்தாதீங்க லா. மலேசியாவில பாதிப் பேரு இப்படித்தான் செய்றோம். சார்ஜ் ஏறுதா இல்லையா, அத பாருங்க."

ஏறியது. ஆனாலும் நான் மறுநாளே கடைக்குப் போய் ஒவ்வொரு அறைக்கும் ஓர் அடாப்டர் வாங்கி வந்தேன். அதை நீங்கள் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தீர்கள். முதல் ஒரு மாதம் அவர்கள் என்னை அடாப்டர் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

ஒரு நாட்டில் குடியேறுவது என்றால் மொழியும் சாப்பாடும்தான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்து வந்தேன். இரண்டும் கஷ்டமாகவே இல்லை. கஷ்டப்படுத்தியதெல்லாம் மெஷின்கள்தான். துணி துவைக்கிற மெஷினில் இருந்த எழுத்து எனக்குத் தெரியாத எழுத்து. காரை நிறுத்த ஓர் ஆப், தண்ணீருக்கு ஓர் ஆப், கரண்டுக்கு ஓர் ஆப். ஆப் போன் எண்ணைக் கேட்டது, போன் எண் வேலை பெர்மிட்டைக் கேட்டது, பெர்மிட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. வைஃபைக்காரர்களோ வெளிநாட்டுக்காரி என்றதும் ஆயிரம் கேள்வி கேட்டார்கள். நான் கவுண்டரிலேயே குரலை உயர்த்தினேன். நீங்கள் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தீர்கள்.

"சும்மா என் பேர்ல எடுத்துருவோம். பெர்மிட் கெடைச்சோன்ன உங்க பேருக்கு மாத்திக்கலாம். இதுக்குப் போயி அழுதுகிட்டு."

அப்படித்தான் என் வீட்டு வைஃபை உங்கள் பேரில் வந்தது. அதன் பின்னாலேயே மற்றவையும் வந்தன. என் டிவி, என் தண்ணீர், என் கார் நிற்கிற இடம் எல்லாம் உங்கள் எண்ணை நம்பி நடந்தன. நான் ஓடிபி என்பேன், நீங்கள் டேக் நம்பர் என்பீர்கள். நான் கேட்பேன், நீங்கள் அனுப்புவீர்கள். சமைத்துக்கொண்டிருந்தாலும் அனுப்புவீர்கள், கோயில் வரிசையில் நின்றுகொண்டிருந்தாலும் அனுப்புவீர்கள். அப்புறம் பெர்மிட் வந்துவிட்டது. நான்தான் பேரை மாற்றவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம், பரீட்சை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். சோம்பேறித்தனம், வேறு ஒன்றுமில்லை.

முதல் வருடம் நாம் நன்றாகத்தான் இருந்தோம், அக்கா. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லாமே என் புகார்களாகத்தான் இருந்தது என்று ஆகிவிடும். உங்கள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு, கார் பின்னால் அன்னாசிப் பழங்களை ஏற்றிக்கொண்டு நான் ஓட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? டோல் அட்டையில் காசு போட மறந்துவிட்டேன். தடுப்புக் கம்பம் மேலே எழ மாட்டேன் என்றது. பின்னால் கார்கள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. நான் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் இறங்கி, பின்னால் நின்ற காரின் ஜன்னலில் குனிந்து அந்த மலாய்க்காரரிடம் ஏதோ சொன்னீர்கள். அவர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து தன் அட்டையைத் தட்டினார். நீங்கள் பின்கதவைத் திறந்து இருப்பதிலேயே பெரிய அன்னாசியாகப் பார்த்து அவர் கையில் கொடுத்தீர்கள். அவர் அதைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனார். வீடு வரும் வரைக்கும் சிரித்தோம்.

வகுப்பிலும் நீங்கள்தான் காப்பாற்றினீர்கள். ஸ்மார்ட் போர்டு பாடத்தின் நடுவில் உறைந்து நிற்கும். பிள்ளைகள் அமைதியாக என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குச் சாக்பீஸும் கரும்பலகையும்தான் பழக்கம். ஒருநாள் அந்தத் திரையைக் கையால் ஓங்கி அடித்துவிட்டேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வகுப்பிலிருந்து வந்தீர்கள். பின்னால் போய் ஸ்விட்சை அணைத்து, கொஞ்சம் நின்று, மறுபடி போட்டீர்கள். போகிற போக்கில் என் காதருகே, "கோவப்பட்டா மெஷினுக்குத் தெரியாது டீச்சர். பக்கத்துல இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அதை நான் அன்றைக்கு ஒரு நல்ல கிண்டலாக மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது வருடத்தில் என்ன ஆயிற்று என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. வேலை கூடியது, வேறு சிலரோடும் பழக்கமானேன், வாரக் கடைசியில் ஜொகூர் பாருவுக்குப் போய்வர ஆரம்பித்தேன். உங்கள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது, ஆனாலும் வருவது குறைந்தது. இன்று மதியம் நம் வாட்ஸ்அப்பை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஆரம்பத்தில் படங்கள் இருக்கின்றன, சமையல் குறிப்பு இருக்கிறது, தலைமை ஆசிரியரைப் பற்றி நாம் பேசிய வம்பெல்லாம் இருக்கிறது. கீழே வர வர, என் பக்கம் "அக்கா, ஓடிபி", உங்கள் பக்கம் ஆறு எண்கள். மறுபடி "ஓடிபி", மறுபடி எண்கள். நடுவில் ஓரிடத்தில் நீங்கள், "மீன் கறி வச்சிருக்கேன், வாங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நான் ஒரு கட்டைவிரல் படம் போட்டிருக்கிறேன். போனேனா என்று நினைவில்லை. போயிருந்தால் நினைவிருக்கும்.

உங்கள் நோயைக்கூட நான் ஒழுங்காகக் கேட்கவில்லை. ஆசிரியர் அறையில் வைஃபை நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு, அவர்கள் போடுகிற பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இணைப்பு அறுந்து சில நாட்களாகியிருந்தது. நீங்கள் என் எதிரே வந்து உட்கார்ந்து, "டீச்சர், எனக்கு டெஸ்ட் ரிசால்ட் வந்துருச்சு" என்றீர்கள். சரியாக அந்த நேரத்தில் ஒரு ஆள் லைனில் வந்தார். "ஒரு நிமிஷம்க்கா" என்று உங்களைப் பார்த்து விரலைக் காட்டிவிட்டு அவரோடு சண்டை போட ஆரம்பித்தேன். நீங்கள் எழுந்து போகவில்லை. மேசையில் கிடந்த பேப்பர் கிளிப்புகளை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு காத்திருந்தீர்கள். அந்த ஆள் பதிவு செய்தவரின் அடையாள எண்ணைக் கேட்டார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் சொன்னீர்கள். நான் அதைத் திருப்பி அவரிடம் சொன்னேன். எல்லாம் முடிந்து போனை வைத்த பிறகுதான் வயிற்றில் கட்டி என்றும், வைத்தியம் பார்க்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றும் சொன்னீர்கள்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதல் வாரம் வந்து பார்த்தேன். பாதி நேரம் பள்ளிக் கதையும் பாதி நேரம் வைஃபைக் கதையுமாகப் பேசிவிட்டு வந்தேன். நீங்கள் கேட்டுக்கொண்டு படுத்திருந்தீர்கள். சிரிக்கவும் செய்தீர்கள், அதனால் எனக்குத் தப்பாகவே தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் புதிய புகார் எண் வாங்க ஓடிபி தேவைப்பட்டது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டே கேட்டேன். உடனே வந்தது. டெக்னீஷியன் வருகிற தேதியைக் குறிக்க மறுபடி கேட்டேன். அதுவும் வந்தது.

அந்தத் தேதி சனிக்கிழமையில் விழுந்தது. அதற்கு முந்திய வியாழக்கிழமை நீங்கள் போன் செய்தீர்கள். குரல் மெலிந்து, பக்கத்தில் யாரோ இருமுகிற சத்தம் அதைவிடப் பெரிதாகக் கேட்டது.

"டீச்சர், சனிக்கெழம வர்றீங்களா? ஞாயித்துக்கெழம சொந்தக்காரவங்க எல்லாம் வந்துருவாங்க, பேச முடியாது. சனிக்கெழம யாரும் இல்ல."

"கண்டிப்பா வர்றேன்க்கா. டெக்னீஷியன் வர்றான், அவன் போனதும் கிளம்பி வந்துடறேன்."

"ம்ம். அவங்க ஒம்பதுலருந்து அஞ்சுன்னு சொல்வாங்க. எப்ப வருவாங்கன்னு தெரியாது. பரவால்ல, சாய்ங்காலம் ஏழு வரைக்கும் விடுவாங்க."

என் மேல் கோபமே இல்லை உங்களுக்கு. டெக்னீஷியனை ஒத்திப் போட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் செய்திருக்க மாட்டேன், அந்தத் தேதியை வாங்க அவ்வளவு போராடியிருந்தேன்.

சனிக்கிழமை காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதியம் போயிற்று. நாலு மணிக்கு மேல்தான் வேன் வந்தது. பண்டார் தெங்காராவைச் சேர்ந்த தமிழர், ஐம்பது வயது இருக்கும். ஏணியை இறக்கிக்கொண்டே பேசினார்.

"மன்னிச்சுக்குங்க டீச்சர், ரூட்டு தப்பிப் போச்சு. இந்தத் தாமான் குடியிருப்புல எல்லா ரோட்டுக்கும் ஒரே மாதிரி பேரு. புக்கிங்ல இருந்த நம்பருக்கு அடிச்சேன், ஒரு அக்கா எடுத்துப் பேசினாங்க. சூராவ் பள்ளிவாசல் தாண்டி ரெண்டாவது முக்குல திரும்புங்க, செம்பருத்தி வச்ச வீடுன்னு அவங்கதான் வழி சொன்னாங்க. கொரலே எழும்பல. 'சீக்கிரம் முடிச்சுக் குடுங்க அண்ணே, டீச்சர் என்னைப் பார்க்க வரணும்'னாங்க. எங்க இருக்காங்க அவங்க?"

"ஆஸ்பத்திரியில" என்றேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு வேகமாக வேலையைச் செய்தார். வெளியே கம்பத்தில் ஏறி ஒயரை மாற்றினார், பெட்டியை மாற்றினார், பச்சை விளக்கு வந்தது. "சரி டீச்சர், நீங்க கெளம்புங்க" என்றார். அப்போதுகூட நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மாடியில சிக்னல் வருதான்னு ஒரு தடவ பாத்துட்டுப் போங்க" என்றேன்.

அவர் போனபோது மணி ஐந்தரை ஆகவில்லை. உடனே கிளம்பியிருந்தால் ஆறேகாலுக்கெல்லாம் உங்கள் கட்டில் பக்கத்தில் இருந்திருப்பேன். கார் சாவியைக் கையில் எடுத்தேன், பொய் சொல்லவில்லை. அதற்குள் திருச்சியிலிருந்து மகள் வீடியோவில் வந்துவிட்டாள். "அம்மா, இப்பதான் உன் முகம் கட்டம் கட்டமா இல்லாம தெரியுது!" என்று கத்தினாள். அவளோடு பேசினேன், கணவரோடு பேசினேன். மழை பிடித்துக்கொண்டது. இந்த மழையில், சனிக்கிழமை மாலையில், பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் போகிற கார்களுக்கு நடுவில் எங்கே போய் மாட்டுவது என்று தோன்றியது. நாளைக்குக் காலையில் முதல் ஆளாகப் போய்விடலாம், சொந்தக்காரர்கள் இருந்தால் என்ன என்று முடிவு செய்தேன். சாவியை மேசையில் வைத்தேன். டிவியைப் போட்டேன். புது இணைப்பு என்பதால் அது மறுபடி உள்ளே நுழைய ரகசிய எண் கேட்டது.

அக்கா, நான் உங்களுக்கு மெசேஜ் போட்டேன். நீங்கள் எனக்காகக் காத்திருந்த மாலையில், வராமல் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, ஓடிபி" என்று கேட்டேன்.

முதல் தடவையாகப் பதில் வரவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலை நினைத்தால் இப்போது எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கஞ்சி வைத்தேன், உங்களுக்குப் பிடிக்கும் என்று கருவாடும் வறுத்தேன். டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது அண்ணன் போன் செய்தார்.

பிறகு உங்கள் வீட்டில் நடந்தது எதுவும் எனக்கு ஒழுங்காக நினைவில்லை. பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் பள்ளிக்காரர்களோடு உட்கார்ந்திருந்தேன். உங்களிடம் படித்த மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் வரிசையாக வந்து போனார்கள். நான் உங்கள் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அதன் பிறகு அண்ணனைப் பார்க்கவும் போகவில்லை. கூச்சமா பயமா தெரியவில்லை. மூன்று மாதம் அப்படியே ஓட்டினேன். நேற்று அந்த ஆறு எண்கள் வராமல் இருந்திருந்தால் இன்னும் ஓட்டியிருப்பேன்.

இன்று காலை அண்ணன் கதவைத் திறந்ததும் எதுவும் கேட்காமல் உள்ளே போய்ப் பாலில்லாத டீயாகத் தே ஓ கலக்கிக்கொண்டு வந்தார். செனாய்த் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்த களைப்பு கண்ணில் இருந்தது. வைஃபையை என் பேருக்கு மாற்ற உங்கள் இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். வாயில் வரவில்லை. "நேத்து தெரியாம அனுப்பிட்டேன் அண்ணே, பழக்கத்துல" என்றேன்.

"தெரியும் டீச்சர். நம்பர் வந்துச்சு, நீங்க கேட்டீங்க, அனுப்பிட்டேன். அன்னைக்கித்தான் அனுப்பாம விட்டுட்டேன்."

நான் குவளையைக் கீழே வைத்தேன். அவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு, அதிகம் பேசிப் பழக்கமில்லாதவர் பேசுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"வைஃபை ஆளு அடிச்சப்ப நான்தான் போன எடுத்தேன். அவதான் 'குடுங்க, நான் சொல்றேன்'னு வாங்கிக்கிட்டா. பேசி முடிச்சோன்ன, 'டீச்சர் வந்துருவாங்க, தல சீவி விடுங்க'ன்னா. எனக்கு எங்க டீச்சர் சீவத் தெரியும்? ஏதோ முடிஞ்சு விட்டேன். பொட்டு கேட்டா. பக்கத்துக் கட்டில்ல இருந்த அம்மாகிட்ட வாங்கி வச்சேன். அப்புறம் வாசலையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தா. ஆறு மணி போல மருந்துல அசந்துட்டா. அப்பத்தான் உங்க மெசேஜு வந்துச்சு. பாத்தோன்ன தெரிஞ்சிருச்சு, நீங்க வரலன்னு."

நான் கீழே வைத்த குவளையை மறுபடி எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஏழு மணிக்கு எல்லாரையும் வெளிய போகச் சொல்ற சத்தத்துல முழிச்சுட்டா. 'டீச்சர் வந்தாங்களா?'ன்னு கேட்டா. எனக்கு வேற ஒன்னும் தோணல டீச்சர். 'வந்தாங்க, நீ தூங்கிக்கிட்டு இருந்த, கைய புடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் ஒக்காந்துருந்துட்டுப் போனாங்க'ன்னு சொல்லிட்டேன்."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"'எழுப்பியிருக்கலாம்லா'ன்னா. அவ்வளவுதான். கொஞ்ச நேரம் செண்டு, உங்களுக்கு வைஃபை கெடைச்சிருச்சான்னு கேட்டா. கெடைச்சிருச்சாம்னேன். சிரிச்சா."

பந்தலில் உங்கள் தங்கை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கடைசியா நீங்க வந்து பக்கத்துல இருந்தீங்களாமே" என்று அழுதது இப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு அவர் முந்திய வாரத்தைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டியிருந்தேன். உங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் கதை. அண்ணன் என்னிடம், "அத அப்படியே விட்டுருங்க டீச்சர், யாருக்கும் சொல்ல வேணாம். அவ நிம்மதியாத்தான் போனா" என்றார். என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். அவர் குவளைகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தார். நான் சான்றிதழைக் கேட்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். உங்கள் தங்கை அடுத்த முறை கையைப் பிடித்தாலும் நான் தலையாட்டத்தான் போகிறேன். ஆனால் உங்களிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. நான் வரவில்லை, அக்கா. உங்கள் பக்கத்தில் உட்காரவில்லை, உங்கள் கையைப் பிடிக்கவில்லை. அண்ணன் கட்டி முடித்த அந்தக் கோணல் கொண்டையையும், யாரிடமோ வாங்கி வைத்த பொட்டையும் நான் பார்க்கவில்லை. நீங்கள் கண்ணை மூடியபோது உங்கள் மனதில் வந்துபோன அந்த டீச்சர் நானில்லை. நான் போகாத ஒரு பார்வை நேரத்தை, நான் பிடிக்காத ஒரு கையை, எனக்குச் சேராத ஒரு நன்றியை இனி என்னோடு வைத்துக்கொண்டு திரிய வேண்டும்.

அந்தப் பொய்யில் ஒரே ஒரு இடம்தான் இடிக்கிறது. நீங்கள் எப்படி அதை நம்பினீர்கள் என்று தெரியவில்லை. தூங்குகிறவரை எழுப்பாமல், சத்தம் போடாமல், பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போகிறவளா நான்? என்னை உங்களுக்குத் தெரியாதா? அவசரக்காரி. சொல்வதற்கு ஆயிரம் புகாரை வைத்துக்கொண்டு வந்திருப்பேன்.

வந்திருந்தால், எழுப்பியிருப்பேன், அக்கா.